பத்துக்கு ஏழு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பகல் முழுக்க கார்க்காரர்களுக்குப் போன் போட்டு ஒரே கேள்வி. "உங்க வண்டி சர்வீஸ் ஆகி வந்துச்சே, பத்துக்கு எத்தனை குடுப்பீங்க?" நாக்கு தேய்ந்துவிட்டது. பத்தோ ஒன்பதோ வந்தால் மேனேஜர் முகம் மலரும். எட்டு வந்தால் அது ஜப்பானில் இருக்கிற தலைமை ஆபீஸ் வரைக்கும் போகுமாம். நான்தான் ஏதோ அங்கே போய்த் தீ வைத்துவிட்டு வந்த மாதிரி பார்ப்பார். ஏழும் பூஜ்யமும் கம்பெனிக் கணக்கில் ஒன்றுதான்.

ஒரே ஒருவர் மட்டும் மசிய மாட்டேன் என்கிறார். பிரசவம் பார்க்கும் நர்ஸ் அக்கா. விடியுமுன்னே தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ போகிறவர். எப்போது கேட்டாலும் ஏழு. என்னக்கா குறை என்றால், "குறை இருந்தா ஏழு எப்படிக் குடுப்பேன்? நல்லா இருந்தா ஏழு" என்பார். ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம். வண்டியைக் கைராசிக்காரர்தான் தொட வேண்டும்.

கைராசிக்காரர் என்று எல்லோரும் சொல்வது என் வீட்டுக்காரரை. கீழே பட்டறையில் அவர்தான் மூத்த மெக்கானிக். மாடியில் போன் பேசுகிறவள் அவர் பெண்டாட்டி என்பது வண்டிக்காரர்களுக்குத் தெரியாது. புகழ்வார்கள், கேட்டுக்கொள்வேன். வீட்டுக்கு வந்தால் அந்தக் கைராசி ஈரத்துண்டைக் கட்டில்மேல்தான் போடும்.

மார்ச் 7, வெள்ளி

இந்த ஷோரூமின் ஆண்டு விழா வருகிறதாம். சுவர் நிறைய கம்பெனியின் வரலாறும், வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லும் கருத்தும் பெரிய பலகைகளில் வர வேண்டுமாம். "உங்களுக்குத்தாம்மா எழுத்து நல்லா வருது" என்றார் மேனேஜர். என்னை யாராவது புகழ்ந்தாலே பின்னால் வேலை வருகிறது என்று அர்த்தம்.

மார்ச் 9, ஞாயிறு

துணிகளை ஊறப்போட்டுவிட்டு, மேனேஜர் கொடுத்த தடிப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். கார் கம்பெனி என்றுதானே நினைத்திருந்தேன்? முதலில் அவர்கள் செய்தது நெசவுத் தறி. சாதாரணத் தறி, நூல் அறுந்தது தெரியாமல் பழுதான துணியை முழம் முழமாக நெய்துகொண்டே போகும். இவர்கள் செய்தது, ஒரு நூல் அறுந்தாலும் தானாக நின்றுவிடுகிற தறி. பிறகு தறி செய்தவரின் மகனுக்குக் கார் ஆசை. வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கி, கடைசி ஆணிவரை பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றையும் படம் வரைந்து கற்றுக்கொண்டார்களாம். முதலில் விற்ற லாரிகள் பாதி வழியில் படுத்துக்கொண்டன. கம்பெனி ஆட்களே போய், நின்ற இடத்தில் பழுது பார்த்து, மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார்கள்.

இன்னொன்றும் படித்தேன். அவர்கள் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களின் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடுமாம். ஏதோ சரியில்லை என்று பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் மொத்த வரிசையும் நிற்கும். இழுத்தவரை யாரும் திட்ட மாட்டார்கள். என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.

இந்த வீட்டில் அப்படி ஒரு கயிறு இருந்தால் காலையில் எழுந்ததும் இழுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன்.

வீட்டுக்காரர் பட்டன் வைத்த சட்டையே போடுவதில்லை இப்போதெல்லாம். கேட்டால் வெயில் என்கிறார். வெயில் பார்த்துப் பனியன் மாட்டுகிற ஆளா இவர்?

மார்ச் 12, புதன்

கருத்து சேகரிக்கிறேன். மருந்துக்கடைக்காரர்: "உப்புச் சப்பில்லாத வண்டிதான். ஆனா சாவி போட்டா கிளம்பிடும். எனக்கு வேற என்ன வேணும்?" ஒரு டீச்சர்: "கதவு சாத்தினா தகரடப்பா சத்தம் வருது. அதுக்காக விக்கவா முடியும், புள்ளைங்க அதுலதானே வளர்ந்துச்சு." ஒரு பெரியவர்: "என் மருமகனைவிட நம்பலாம்." மருமகன் பக்கத்திலேயே இருந்திருப்பார் போல, ஒரு சிரிப்பு கேட்டது.

கடைசியாக அச்சகக்காரர். வண்டியைப் பாராட்டித் தீர்த்துவிட்டு, பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். போன வாரம் சர்வீஸ் முடிந்து போனதிலிருந்து சக்கரத்தில் டொக் டொக் என்று சத்தம். பங்சர் கடையில் காட்டினால் நட்டெல்லாம் லூஸ். அவனே முடுக்கிக் கொடுத்தானாம். "அதுக்கென்னம்மா, பத்தே போட்டுக்குங்க. கைராசிக்காரர் நல்ல மனுஷன்."

பத்து போட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

இன்னொன்று. கைக்குழந்தை வைத்திருக்கிற ஒரு பெண். அதே சத்தம், அதே லூஸ் நட்டு. இவர் பார்த்த வண்டிதான். அவளும் பத்துதான் கொடுத்தாள்.

சக்கரத்தை மாட்டியபின் இன்னொருவர் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். சரியான இறுக்கம் வந்ததும் அது க்ளிக் என்று சொல்லும். ஆனால் இவர் மாட்டிய சக்கரத்தை யார் மறுபடி தொடுவார்கள்? இவர் கையே ரெஞ்ச் என்பது பட்டறையில் பழைய பேச்சு.

மாலையில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். டம்ளர் நழுவியது, சாவி நழுவியது, சட்டைப் பட்டன் — எல்லாம் கண்ணெதிரேதானே நடந்தது?

மார்ச் 19, புதன்

கேட்டுவிட்டேன். முதலில் எரிந்து விழுந்தார். "உனக்கு போன் பேசத் தெரியும். நட்டு எனக்குத் தெரியும்." சாப்பிடாமல் எழுந்து பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் போய் உட்கார்ந்தேன். வலது கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"மரத்துப் போகுது. மூணு விரலும். கொஞ்ச நாளாத்தான்."

நாளையே டாக்டரைப் பார்ப்பதாகச் சொன்னார். அதுவரை டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் தொடுவதில்லை என்றார். நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய?

மார்ச் 21, வெள்ளி

டாக்டரிடம் போகவில்லை. நாளைக்காம்.

மார்ச் 24, திங்கள்

நாளை நாளை என்றே நான்கு நாள் ஓடிவிட்டது.

மேனேஜர் பலகைகளைத் திருத்திக் கொடுத்தார். லாரி பாதி வழியில் நின்றதையும் மன்னிப்புக் கேட்டதையும் அடித்துவிட்டார். விழாவில் எதற்கு அழுகாச்சி என்கிறார். கயிறு மட்டும் பிழைத்தது. அது கம்பெனிக்குப் பெருமையாம். நம்ம பட்டறையில் அந்தக் கயிறு எங்கே சார் என்று கேட்டேன். "இங்க கயிறு கட்டினா துணிதாம்மா காயப்போடுவாங்க" என்று அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

மார்ச் 26, புதன்

நர்ஸ் அக்காவின் வண்டி நாளைக்கு வருகிறது. வழக்கம்போல இவர்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

ரெஞ்ச் வைத்துத்தானே வேலை செய்கிறீர்கள் என்று இவரைக் கேட்டேன். ஆமாம் என்றார், என் முகத்தைப் பார்க்காமல். மதியம் சாப்பிடும்போது, பட்டறையில் ஒல்லி என்று கூப்பிடுகிற பையனிடம் விசாரித்திருந்தேன். இவருக்கு அடுத்த மெக்கானிக் அவன்தான். அண்ணன் அதைக் கையால்கூடத் தொட்டதில்லை அண்ணி என்று சிரித்தான். அவனுக்கு அது பெருமை.

வேறு யாரிடம் சொல்ல? மேனேஜரிடம் சொன்னால் இவர் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் யாருடைய சக்கரம் எங்கே கழலும்? அந்தக் கைக்குழந்தைக்காரி பத்து கொடுத்தாளே. அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

மார்ச் 27, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

வண்டி கழுவி வாசலில் நின்றது. சாவி கவுண்டரில் இருந்தது. நர்ஸ் அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்ததை மாடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. சாவியை எடுத்துக் கையில் மூடிக்கொண்டேன்.

"இந்த வண்டி போகக் கூடாது. வீல் நட்டை மறுபடி பார்க்கணும்."

கைராசிக்காரர் பார்த்த வண்டிம்மா அது, என்றார் மேனேஜர், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. அதனால்தான் சொல்கிறேன் என்றேன். பட்டறையே நின்றுவிட்டது. இவர் கைதுடைக்கும் துணியோடு தூணருகில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. ஒல்லி ரெஞ்சை எடுத்துக்கொண்டு இவர் முகத்தையே பார்த்தான். பிறகு அவனே குனிந்து முதல் நட்டில் மாட்டினான்.

முன்சக்கரங்கள் சரியாக இருந்தன. க்ளிக், க்ளிக். கடவுளே, நான்தான் பைத்தியக்காரி என்று ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பின்னால் வலது சக்கரத்தில் ரெஞ்ச் சத்தமே இல்லாமல் சுற்றியது. அடுத்த நட்டும் அப்படியே. ஒல்லி நிமிரவே இல்லை.

இவர் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நர்ஸ் அக்காதான் பக்கத்தில் போனார். கோபப்படவில்லை. ஈரக்கையைப் பிடித்து ஒவ்வொரு விரல் நுனியாக அழுத்திப் பார்த்தார். எத்தனை நாளா இப்படி என்று கேட்டார்.

"ஒரு வருஷமா" என்றார் இவர்.

என்கிட்ட கொஞ்ச நாளா. அந்தக்காகிட்ட ஒரு வருஷமா. பக்கத்துல படுத்திருக்கிறவ நான்தானே? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே? மனுஷனுக்கு அவ்வளவு என்ன வீம்பு?

மார்ச் 28, வெள்ளி

காலையில் ஒரே வாக்கியம். "எல்லார் முன்னாடியும் என்னை நிக்க வெச்சுட்டே."

ஆமாம். வெச்சேன். வேற வழி விட்டீங்களா?

இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

டாக்டரிடம் போனோம். நட்டு கழற்றுகிற காற்றுத் துப்பாக்கியைப் பிடித்துப் பிடித்தே இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு நசுங்கிவிட்டதாம். அறுவை செய்யலாம். இடது கை தேறும். வலது கையில் பழைய உணர்ச்சி முழுசாக வராது. முன்னாடியே வந்திருக்கலாமே என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

இவர் பார்த்த வண்டிகளை எல்லாம் மேனேஜர் திரும்ப வரச்சொல்லிவிட்டார். அந்தப் போன்களையும் நான்தான் செய்ய வேண்டும். யாரும் திட்டவில்லை. கைராசிக்காரருக்கு உடம்பு எப்படி என்றுதான் கேட்கிறார்கள். அதற்குத் திட்டே தேவலாம்.

ஏப்ரல் 19, சனி

ஆண்டு விழா. எல்லோரும் கருத்துப் பலகையில் தங்கள் பேரைத் தேடினார்கள். கயிற்றைப் பற்றிய பலகை முன்னால் ஒல்லி வெகுநேரம் நின்றான். இப்போதெல்லாம் அவன் மாட்டிய சக்கரத்தை இன்னொருவர் பார்க்காமல் வண்டி வெளியே போவதில்லை. இவர் விழாவுக்கு வரவில்லை.

மே 13, செவ்வாய்

அறுவை முடிந்து கட்டுப் பிரித்தாகிவிட்டது. வேலைக்கு வந்து வரவேற்பில் உட்காரச் சொல்லி மேனேஜர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். பொம்மை மாதிரி உட்கார மாட்டேன் என்கிறார். மகள் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டு, அப்பா ஏம்மா பேசவே மாட்டேங்கிறார் என்கிறாள். என்னோடு பேசினால்தானே உன்னோடு பேச?

ஜூன் 30, திங்கள்

களைப்பு. வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நர்ஸ் அக்காவுக்குப் போன். ஒல்லிதான் வண்டியைப் பார்த்திருந்தான், ரெஞ்ச் வைத்து, இன்னொருவர் கையெழுத்தோடு. பத்துக்கு எத்தனை அக்கா என்றேன். ஏழு என்று பாதி எழுதிக்கூட விட்டேன்.

"ஆறு."

என்னக்கா குறை என்று பதறிவிட்டேன். குறையெல்லாம் ஒன்றும் இல்லையாம். சாவி வாங்கும்போது இனி எந்தச் சத்தம் வந்தால் கொண்டு வர வேண்டும், எது வந்தால் கவலைப்பட வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இல்லையாம். "அவர் சொல்லுவாரும்மா. அதைக் கேட்டுட்டுப் போனா பயமில்லாம ஓட்டுவேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். பதில் வராது என்று தெரிந்துதான் சொன்னேன்.

"ஆறா? அந்தம்மாவா?" கையில் இருந்த டம்ளரை மெதுவாக வைத்தார். "அவங்க மண் ரோட்டுல போறவங்க. பின்னாடி ஒரு கிறீச் சத்தம் வரும், அது வெறும் ரப்பர். ஒல்லி சொல்லியிருக்க மாட்டான்." அப்புறம் நிறுத்தவே இல்லை. எந்த வண்டி மேட்டில் மூச்சு வாங்கும், யார் கிளட்சின்மேலேயே காலை வைத்து ஓட்டுவார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மார்ச்சுக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட நீளமான பேச்சு இதுதான். சாப்பாடு ஆறிப்போனது. நான் எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் பீரோவில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். பார்த்தால் பட்டன் வைத்த வெள்ளைச் சட்டை. நான் போட்டுவிடுகிறேன் என்று கை நீட்டினேன், வேண்டாம், நானும் ஷோரூமுக்கு வர்றேன், இரு என்றார். கண்ணாடி முன் நின்று இடது கையால் ஒவ்வொரு பட்டனாகப் போட்டார். எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஆனால் வாசலிலேயே நின்றேன். போட்டு முடித்துத் திரும்பினார்.

ஒரு பட்டன் மாறியிருந்தது. சொன்னேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றி, முதலிலிருந்து போட ஆரம்பித்தார்.