அப்பா குரலுக்கு ஒரு சிடி ரைட்டர்

என் செல்ல வாலுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் சுகம், என் தையல் மெஷினும் சுகம். அந்தத் தீவில் காற்றையும் மழையையும் அளந்துகொண்டு நீயும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவைப் பற்றித்தான் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது, பதறாமல் படி. அவர் தொண்டை கரகரப்பதாகப் போன மாதம் போனில் சொன்னேன் அல்லவா, குரல் வரும் இடத்தில் சின்னதாக ஒரு கட்டியாம், புதன்கிழமை ஆபரேஷன். உயிருக்கு ஒன்றும் பயமில்லை என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார். ஆனால் பழைய குரல் அப்படியே திரும்பி வரும் என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. கிசுகிசுப்பாகவே நின்றுவிடலாமாம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன், மறைப்பானேன். அழுது முடித்ததும் ஒன்று உறைத்தது. மாதம் ஒரு முறை ஐந்து நிமிஷம் கிடைக்கிற உன் போனில் அவர் என்ன பேசியிருக்கிறார், நல்லா இருக்கியா, இரு அம்மாகிட்ட கொடுக்கிறேன், அவ்வளவுதான். அந்தக் குரல் போவதற்குள் உனக்கு அதைப் பிடித்து அனுப்பியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வெளியிலிருந்து வரும் எதையும் செருகக் கூடாது, சாப்பாட்டு அறையில் ஒரு பழைய சிடி பிளேயர் மட்டும் இருக்கிறது என்று நீ எழுதியது நினைவிருந்தது. நான்கு கடை ஏறி இறங்கினேன், சிடியா, அதெல்லாம் யாரும்மா இப்போ போடறாங்க என்று ஒரே பாட்டு. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் மட்டும் பழைய சாமான் குவியலைக் கிளறி ஒரு சிடி ரைட்டரை எடுத்துக் கொடுத்தார். அதன் பின்னால் பட்டை வயர் செருகும் வாய், நம் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியிலோ ஒல்லி வயர், மறுபடி நடந்து போய் மாற்றி வந்தேன். வந்து மாட்டித் தர அவருக்கு அடுத்த வாரம்தான் ஒழியுமாம், உன் தீவுக்குத் தபால் கொண்டுவரும் படகோ திங்கட்கிழமை கிளம்புகிறது. எழுதிக் கொடுங்கள், நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

இதற்கிடையில் உன் அப்பாவை உட்காரவைத்துப் போனை முன்னால் நீட்டி, பேசுங்கள் என்றால், கனைக்கிறார், ஜன்னலைப் பார்க்கிறார், எழுந்து போய்விடுகிறார். மூன்று நாள் இதே கூத்து. சரி, இவரை வேறு வழியில்தான் பிடிக்க வேண்டும் என்று, என் கை இரண்டும் பெட்டிக்குள் இருக்கும், நீங்கள் தாளைப் படித்துச் சொல்லுங்கள் என்றேன். போனைப் பதிவில் போட்டு நூல்கண்டு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

மெயின் வயரைப் பிடுங்கு என்றார், பிடுங்கினேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் உள்ளே பஞ்சு மெத்தை மாதிரி தூசி. முதல் பக்கத்தை அவர் நிறுத்தி நிதானமாகப் படிக்க, எனக்குப் பொறுமை போய்விட்டது. முப்பது வருஷமாக மெஷினைப் பிரித்து மாட்டுகிறவளுக்கு இதெல்லாம் வேண்டாம், வயர் எங்கே போகிறது என்று மட்டும் படியுங்கள் என்று சொல்லிவிட்டேன். ரைட்டரை உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் திருகாணி போட்டு, இரண்டு வயரையும் செருகி, தகட்டை மூடியாயிற்று. மெயின் வயரைச் செருகி, திரையில் திறக்கச் சொன்னால் சிடி வைக்கும் தட்டு வெளியே வரவில்லை, உள்ளேயிருந்து டொக் டொக் என்று முட்டுகிறது. தட்டு வெளியே வரும் வாயை அடைத்திருந்த முன்பக்க மூடியை நான் கழற்றவே இல்லை. பாக்கெட் வைத்து அதன் வாயையும் சேர்த்துத் தைத்த கதை. அப்பா முதல் பக்கத்தை எடுத்து, முன்பக்க மூடியைக் கழற்றவும் என்ற வரியையே மூன்று தடவை சத்தமாகப் படித்தார், பாவி மனுஷன். அதுவும் பதிவாகியிருக்கிறது. திரும்ப எல்லாவற்றையும் கழற்றி, மூடியை எடுத்து, மாட்டி, பட்டனை அழுத்தினேன். தட்டு பதவிசாக வெளியே வந்தது.

அப்புறம்தான் டப்பாவை நகர்த்திப் போனைக் காட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன். குனிந்து அதைப் பார்த்து, "இன்னும் ஓடுதா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ நீ கொஞ்சம் வெளியே இரு" என்று என்னை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பதினொரு நிமிஷம். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, தூசி என்றார்.

ரிப்பேர்காரர் எழுதிக் கொடுத்தபடியே எல்லாவற்றையும் சிடியில் ஏற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத்து இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும், சட்டை நுனியால் துடைக்காதே. ஆபரேஷன் முடிந்ததும் உன் ஆபீஸுக்குப் போன் செய்து உனக்குச் செய்தி சொல்லச் சொல்கிறேன், அதுவரை வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. முன்பகுதியில் நான் வாங்கிய திட்டையெல்லாம் கேட்டு நன்றாகச் சிரித்துக்கொள். கடைசிப் பதினொரு நிமிஷத்தை நான் கேட்கவில்லை, அது உனக்கு. நடுவில் எங்கேயும் இரு அம்மாகிட்ட கொடுக்கிறேன் என்று வராது, வாங்கிக்கொள்ள நான் அங்கே இல்லை.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அம்மா