அத்தையின் பவுடர் பஃப்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று இப்போதுதான் மனசார எழுத முடிகிறது. நீயும் மருமகளும் அவள் வயிற்றில் இருப்பதும் நலமா? உன் தங்கை பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டோம். உங்கப்பா போனில் லேசான காய்ச்சல் என்று மழுப்பியிருப்பார், கூடப்பிறந்தவளைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வராது. எனக்கு வரும்.

உன் அத்தை தன் பியூட்டி பார்லரிலிருந்து நேரே குழந்தையைப் பார்க்க வந்திருக்கிறாள், நான் வேலைக்குப் போயிருந்த நேரம். தொப்புள்கொடி இன்னும் விழவில்லை, கொஞ்சம் ஈரம். அதில் எதையும் போடாதீங்க, காத்தாட விடுங்க என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அத்தையோ, இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்று கைப்பையைத் திறந்து, பார்லரில் எல்லாருக்கும் பூசுகிற பஃப்பை எடுத்துத் தொப்புளில் பவுடரை ஒற்றிவிட்டிருக்கிறாள். கை கழுவினாளா என்று கேட்டேன், அவங்ககிட்ட எப்படிம்மா சொல்றது என்கிறாள் உன் தங்கை. இந்த மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட.

ரெண்டு நாள் கழித்துக் குழந்தை அழவே இல்லை. பாலுக்கும் வாய் திறக்கவில்லை, தூங்கிக்கொண்டே கிடந்தான். வந்தவர்கள் எல்லாம், என்ன சமத்து, பெத்தவளுக்குத் தொந்தரவே இல்லை என்று மெச்சிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். எனக்குச் சரியாகப் படவில்லை. துணியை விலக்கினேன், நாற்றம் குப்பென்று வந்தது. பவுடரும் சீழும் சேர்ந்து களிம்பு மாதிரி அப்பியிருக்க, சுற்றிலும் தோல் சிவந்து வீங்கியிருந்தது. தூக்கினால் துணி மாதிரி துவள்கிறான். அப்படியே ஆட்டோ பிடித்தோம்.

இது என்ன வெள்ளையா இருக்கு என்று டாக்டரம்மா கேட்டதற்கு, பின்னாலேயே ஓடி வந்த உன் அத்தை பெருமையாக அந்தப் பஃப்பை எடுத்து நீட்டினாள், வெளிநாட்டுப் பவுடர் டாக்டர் என்று. எத்தனை மணப்பெண்களின் கழுத்து வியர்வையைக் குடித்ததோ, ஓரமெல்லாம் பழுப்பு, யாருடையதோ ஒரு முடி வேறு. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்றார்கள். அந்தப் பிஞ்சுக் கையில் ஊசியைக் குத்தி மருந்து ஏற்றினார்கள். உன் தங்கை கண்ணாடிக்கு வெளியே நின்றே இளைத்துவிட்டாள்.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பஃப்பைத் தூக்கிப் போட்டாளா? சோப்புப் போட்டு அலசி, பார்லர் ஜன்னலில் காயவைத்திருக்கிறாள், நானே பார்த்தேன். சனியன். உன் மனைவி பிரசவத்துக்கும் வரப்போகிறாளாம், டிக்கெட் எடுக்கச் சொல்லி உங்கப்பாவை நச்சரிக்கிறாள். வருவது நான் மட்டும்தான். நான் வந்தாலும் முதலில் குழாயைக் காட்டு, அப்புறம் குழந்தையைக் காட்டு.

பிரசவத்தில் தாயும் பிள்ளையும் நல்லபடியாக ரெண்டு உயிராகப் பிரிந்து, நீங்கள் மூவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பிள்ளை பால் குடிக்காமல் அசந்து கிடந்தால் சமத்து என்று பூரிக்காதே, தூக்கிக்கொண்டு ஓடு. ஊசி போட்டே பிள்ளையை அடம்பிடிக்க வச்சுட்டாங்க என்று அத்தை குறைப்படுகிறாள். இதை எழுதும்போதும் வீடே இடிகிற மாதிரி கத்துகிறான். கத்தட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா