உப்பியிருந்த கிளி

தாராவி, பம்பாய்-17
12-7-1964, ஞாயிறு

அன்புள்ள சொர்ணத்துக்கு வெயிலுமுத்து எழுதிக்கொண்டது. இங்கே நான் இருக்கிறேன். நீயும் உன் அண்ணன் வீட்டாரும் சுகமாயிருக்கச் சொரிமுத்தய்யனைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

நாலு நாளாய் மழை விடவில்லை. தோல் பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர். நம்ம ஒற்றை அறைக் கோலிக்குள் ஒழுகுகிற இடத்தில் உன் பொங்கல் பானையை வைத்திருக்கிறேன், கோபிக்காதே. நம்ம பிள்ளை போன கையோடு நீயும் ரயிலேறிவிட்டாய். மூணு மாசமாய் ஒரு கடுதாசி இல்லை. துக்கம் எனக்கும்தானே? கோபத்தில் ஏதோ சொன்னேன். என் கோபம் உனக்குத் தெரியாததா?

உன் கிளி மிட்டுவைப் பற்றிக் கவலை வேண்டாம். உன்னிடம் இருந்ததைவிட என்னிடம் நன்றாகத் தேறிவிட்டது, பார்த்துக்கோ! பந்து மாதிரி உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கத்துவதில்லை, கடிப்பதில்லை, பகலிலும் தூக்கம்தான். இறகு மட்டும் கொஞ்சம் வெளிறி, வால் பக்கம் உதிர்கிறது. எல்லாம் மிளகாய் தின்ற சூடு. வருகிற சனிக்கிழமை நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது அதுக்கும் நல்லெண்ணெய் தேய்த்துவிடப் போகிறேன். சூடு இறங்கினால் இறகு மினுமினுக்கும்.

இதற்காவது பதில் போடு.

உன் வெயிலுமுத்து


நாங்குநேரி
16-7-1964, வியாழன்

அத்தானுக்குச் சொர்ணம்மாள் எழுதுவது. உங்களுக்குக் கடுதாசி போடக்கூடாது என்றுதான் இருந்தேன். மிட்டுவுக்காகப் போடுகிறேன்.

ஐயோ, எண்ணெய் வைத்துவிடாதீங்க! தண்ணீரும் ஊற்றாதீங்க. அது தேறவில்லை. உடம்புக்கு முடியாமல் குளிர்கிற கிளிதான் இறகை உப்பிக்கொள்ளும். நல்லா இருக்கிற கிளிக்கு இறகு உடம்போடு படிந்து பளபளவென்று கிடக்கும். அங்கே பக்கத்து வீட்டு நஸீரா அக்காவிடம் ஆறு கிளி இருந்ததே, அதில் இரண்டு சாகிறப்போ நான் பக்கத்தில் இருந்தேன். முதலில் உப்பும். கொழுத்துவிட்டது என்று நாமும் சந்தோஷப்படுவோம். கையில் எடுத்தால் நெஞ்செலும்பு குத்தும்.

இப்பவே பாருங்க. தூங்குகையில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொள்கிறதா, இரண்டையும் ஊன்றி நிற்கிறதா? ஊன்றினால் முடியலை என்று அர்த்தம். பின்பக்கத்து இறகு நனைந்து ஒட்டியிருக்கா? மூக்குக்கு மேலே குட்டி இறகு பிசுபிசுவென்று இருக்கா? வழக்கமாய் இறகு மாற்றுகிற காலம் என்றால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று விழும். விழுந்த இடத்தில் புதுக் குருத்து முளைக்கும். குருத்து இல்லாமல் உதிர்ந்தால் அது நோவுதான்.

கூண்டை ஜன்னலிலிருந்து எடுத்துக் கோணியால் மூடி, புகை படாமல் அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்க. எண்ணெய் பட்ட இறகு குளிர் தாங்காது, அத்தான்.

தந்தி கொடுக்கச் சொல்லி அண்ணனிடம் கேட்டேன். "கிளிக்குத் தந்தியா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். இந்தக் கவர் சனிக்கிழமைக்குள் வந்து சேரணும்.

சொர்ணம்


தாராவி
30-7-1964

சொர்ணம்,

உன் கவர் திங்கட்கிழமை வந்தது. சனிக்கிழமையே எண்ணெய் வைத்துவிட்டேன்.

ஆசையாய்த்தான் செய்தேன். எண்ணெயைச் சூடுகாட்டி, இரண்டு விரலால் பட்டும் படாமலும் தேய்த்தேன். வெந்நீர் ஊற்றினேன். இறகு உடம்போடு ஒட்டினப்பதான் தெரிந்தது, அந்த உப்பலுக்குள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு பிடி எலும்பு. நடுங்கியது. குளித்த களைப்பு என்று நினைத்துத் துண்டால் துடைத்துக் கம்பியில் விட்டேன். ஞாயிறு காலையில் கூண்டுக்குள் கீழே கிடந்தது.

"மிட்டு நல்லா இருக்கு" என்று உனக்கு ஒரு கடுதாசி எழுதி, ஒட்டியும்விட்டேன். அப்புறம் கிழித்துப் போட்டேன். நீ வருவதற்குள் அதேபோல் இன்னொரு கிளி வாங்கி வைத்துவிடலாம் என்றும் பார்த்தேன். என் புத்தி அப்படிப் போச்சு.

குழாயடியில் நூர் நிஷா அக்கா, "கிளி எப்படிப்பா செத்துச்சு?" என்று கேட்டார்கள். "காய்ச்சல்" என்றேன். நான் குளிப்பாட்டினேன் என்று வாய் வரவில்லை. அதே குழாயடியில் நின்றுதானே, "தண்ணி ஊத்திப் பிள்ளையைக் கொன்னுட்டாளே" என்று உன்னைப் பார்த்துக் கத்தினேன்! காய்ச்சல் விட்டது என்று நம்பித்தானே நீ பிள்ளையைக் குளிப்பாட்டினாய்? உன் கையில் தப்பில்லை. அன்றைக்கு டாக்டரே சொன்னார், நெஞ்சில் சளி முன்னமே கட்டிவிட்டது, குளிப்பாட்டாவிட்டாலும் தாங்கியிருக்காது என்று. அதைக் கேட்ட பிறகும்தான் நான் கத்தினேன்.

நான் பாவி. மன்னித்துவிடு. வந்துவிடு, சொர்ணம்.

வெயிலுமுத்து


நாங்குநேரி
5-8-1964

அத்தானுக்கு,

உங்கள் கவரைப் படித்ததும் எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது. மிட்டு செத்ததற்கில்லை. இனி உங்களுக்கும் தெரியும் என்று. அப்புறம் அழுதேன். அப்படிச் சந்தோஷப்பட்டதற்கும் சேர்த்துத்தான் அழுதேன்.

டாக்டர் சொன்னதை இத்தனை நாள் எனக்கு மறைத்தீங்களே! ராத்திரி பகலாய் நான் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சொன்ன சொல் எனக்கு முன்னாலேயே இந்த ஊருக்கு வந்துவிட்டது. அண்ணிக்கு ஐந்து மாதப் பிள்ளை. நான் தூக்கலாம், தாலாட்டலாம். குளிப்பாட்டுகிற நேரம் வந்தால் என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறாள். சிரித்துக்கொண்டேதான் வாங்குகிறாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கலை.

கத்தினது ஊர் முன்னாலே. மன்னிப்புக் கேட்கிறது ஒட்டின கவருக்குள்ளே. இதை என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்? நான் வரவில்லை.

சொர்ணம்மாள்


(கார்டு)
தாராவி, 11-8-1964

தபால்காரர் ஐயாவுக்கு: தயவுசெய்து என் மச்சான் வீட்டு வாசலில் நின்று இந்தக் கார்டைச் சத்தமாய்ப் படித்துவிட்டுக் கொடுக்கவும்.

சொர்ணம்மாள் எங்கள் பிள்ளையைக் கொல்லவில்லை. நெஞ்சுச் சளி கொண்டுபோனது. குளிப்பாட்டியதால் இல்லை என்று டாக்டர் என்னிடம் சொன்னார். தெரிந்திருந்தும் அவள்மேல் பழி போட்டவன் அவள் புருஷனாகிய நான். இன்று காலை குழாயடியில் எல்லோரும் குடத்தோடு நிற்கும்போது இதைச் சொன்னேன். முடியாத கிளிக்கு எண்ணெய் தேய்த்து நான் சாகடித்ததையும் சொன்னேன். நூர் நிஷா அக்கா சாட்சி.

மச்சான் வீட்டு அக்காவுக்கு: பிள்ளையைக் குளிப்பாட்ட அவள் கையில் கொடுங்கள்.

வெயிலுமுத்து