வெள்ளிக்கிழமை வரும் ஒஸ்தா மாமி

12 யூன் 1944, திங்கள்

விடாத மழை. பிள்ளையின் துணி ஒன்றும் காயவில்லை, அறைக்குள்ளேயே கயிறு கட்டியாயிற்று. வாங்க: சாம்பிராணி, மண்ணெண்ணெய் (ரேஷன் கூப்பன் உம்மாவிடம்), ஒரு சீப்பு வாழைப்பழம்.

பிள்ளைக்கு இன்று முப்பத்தாறு நாள். உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னா: "வெள்ளிக்கிழம நாப்பது. முடி இறக்க ஆள் வரும். ஒஸ்தா மாமிக்கும் சொல்லி அனுப்பிட்டன்."

"அவ எதுக்கு?"

"எதுக்கா? பொம்புளப் புள்ளைக்கும் சுன்னத் ஈக்குதானே. காலேஜில இதச் சொல்லித் தரல்லயா?" சிரிப்பு வேறு.

சுன்னத் என்றால் ஆண் பிள்ளைகளுக்குத்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இருபத்திரண்டு வயது எனக்கு.

13, செவ்வாய்

தூக்கமில்லை. பிள்ளைக்கு மூக்கடைப்பு.

உம்மாவிடம் கேட்டேன், எனக்கும் செய்ததா? "ஓம். உனக்கும், எனக்கும். நீ நல்லாத்தானே ஈக்கிறாய்?"

நல்லாத்தான் இருக்கிறேனா? எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

காலேஜ் உடற்கூற்றுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். இருதயம், ஈரல், காது. மற்றது இல்லை. மார்க்கத்தில் கட்டாயமா என்று கேட்டதற்கு, "இங்கிலீஷ் தெரிஞ்சா எல்லாம் தெரியுமோ" என்றா. உம்மா எனக்குக் கெடுதல் நினைக்கிறவ இல்லை. அதுதான் குழப்பம்.

14, புதன்

ஒஸ்தா மாமி (ஒ.மா.) பிள்ளையைப் பார்க்க வந்தா. வாய் நிறைய வெற்றிலை. பிள்ளைக்கு எண்ணெய் தடவிக் கை கால் நீவிவிட்டா, மூக்கடைப்புக் குறைந்தது. பிள்ளை அவவைப் பார்த்துச் சிரித்தது. எனக்கும் அவவைப் பிடித்துவிட்டது, என்ன செய்ய!

"ஊசி குத்தின மாதிரி மகள், ஒரு துளி. மூத்த புள்ளையெண்டா எல்லா உம்மாமாரும் இப்புடித்தான் முழிப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆம்புளயள்ட காதுக்குப் போகப்படாது."

அவ போன பிறகு உம்மாவிடம்: "வாப்பாவுக்குத் தெரியுமா?"

"சீ! மவுத்தாகிக் கண்மூடும் வரைக்கும் அவருக்குத் தெரியாது."

15, வியாழன்

இவர் ஆபீஸ் முடிந்து மாலை ரயிலில் நனைந்து வந்தார். குடையைக் கொழும்பில், புறக்கோட்டைச் சாப்பாட்டுக் கடையில் விட்டுவிட்டாராம்.

சொல்ல வாய் வரவில்லை. தமிழில் எழுதவும் கை வரவில்லை. ஒரு கடதாசித் துண்டில் இங்கிலீஷில் நாலு வரி எழுதித் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்தேன். இரண்டு தரம் வாசித்தார். காது சிவந்துவிட்டது.

"எங்கட ராத்தா, தங்கச்சிமாருக்குமா?"

"எல்லாருக்கும்."

துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு: "பொம்புளயள்ட விஷயம். நான் எப்படி மாமிக்கிட்ட வாய் திறக்கிற?"

கோபம் வந்தது. ஆனால் நானே வாய் திறக்காதவள்தானே.

16, வெள்ளி

வெயில். இவர் லீவு. முடி இறக்கியாயிற்று, தலை தேங்காய் மாதிரி. ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு முன் அறையில் ஆண்கள், சாப்பாடு. ஒ.மா. பின்வாசலால் வந்தா. அறைக் கதவு சாத்தியாயிற்று.

"குடு புள்ளய," என்றா உம்மா.

"பால் குடிக்கிறா."

குடித்து முடித்தாள். மற்றப் பக்கம் மாற்றினேன். உம்மா முறைத்தா. ஒ.மா. துணி முடிச்சை அவிழ்த்தா, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உம்மா பிள்ளையின் காலைப் பிடித்தா.

கதவு திறந்தது. இவர்.

ஒ.மா. முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு எழும்பினா. உம்மா: "என்ன மருமகன், என்ன வேணும்?"

"ஒண்டுமில்ல மாமி. சும்மா."

வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். தன் காலையே பார்த்துக்கொண்டு. முன் அறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், போகவில்லை.

ஒ.மா. முடிச்சைக் கட்டினா. "இன்னொரு நாள் வாரன்."

உம்மா என்னிடம், "அவருக்குச் சொல்லிப்போட்டியா?" ஏச்சில்லை, அழுகிற குரல். அவவை எப்படிப்பட்ட வெட்கத்துக்கு ஆளாக்கிவிட்டேன். செய்தது சரியா? சரிதான். சரிதானா?

நாளை சனி. இவருக்குக் காலையில் ஆபீஸ் உண்டு, வீட்டில் நானும் உம்மாவும் பிள்ளையும்தான்.