வாஷிங் மெஷின் மோட்டாரில் அப்பா மேடேறியது

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். உன் தங்கைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அவளே உனக்குச் சொல்வாள், தெரியாததுபோல் கேட்டுக்கொள்.

அப்பாவைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும். வாதம் வந்து இடது கால் விழுந்ததிலிருந்து அவர் வாசலைத் தாண்டவில்லை என்பது உனக்குத் தெரியும். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்றால், "பஸ்ஸையே ஓட்டினவன்டி நான், என்னை இன்னொருத்தர் தள்ளணுமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். போகப் போகப் பேச்சே குறைந்துவிட்டது. சாப்பிட்டீங்களா என்றால் ம், மாத்திரை போட்டீங்களா என்றால் ம். எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. அந்தச் சமயத்தில் நம் ரிப்பேர் கடைக்கு ஒரு வாஷிங் மெஷின் வந்தது. டிரம் உடைந்து, தகடெல்லாம் துருப்பிடித்து, தேற்ற வழியே இல்லை, சொந்தக்காரர் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப் போய்விட்டார். நான் கழற்றிப் பார்த்தால் மோட்டார் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது! அவ்வளவு ஈரத் துணியைச் சுற்றின மோட்டார் உன் அப்பாவைச் சுமக்காதா என்று தோன்றியது. பழைய மூன்று சக்கர சைக்கிள் ஒன்றை வாங்கி, வெல்டரிடம் கொடுத்துச் சட்டத்தைப் பலப்படுத்தினேன். மோட்டாரின் கம்பிகளைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டி, பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் கழற்றின பேட்டரியையும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோலரையும் பூட்டினேன். "என்னையும் துவைச்சுக் காயப் போடப் போறியா?" என்றார் அப்பா. அதையாவது பேசினாரே என்றிருந்தது.

முதல் நாள் நானே ஏறி ஆக்சிலரேட்டரைத் திருகினால், வண்டி பின்னால் போய்ப் பக்கத்து வீட்டுக் கொடித்துணிக்குள் நுழைந்துகொண்டது. இரண்டு வயரை இடம் மாற்றிக் கொடுத்ததும் முன்னால் ஓடியது. ஆனால் நம் தெருமுனை மேட்டில் பாதியிலேயே நின்று, ஒரே தீய்ந்த வாடை. நான் மனம் விட்டுப்போய் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது நம் வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு அதட்டல்: "ஃபர்ஸ்ட் கியர்ல ஏத்த வேண்டிய மேட்டை டாப் கியர்ல ஏத்தினா அது என்னடி பண்ணும், பாவம்!" அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவர் சொன்னபடி பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் மாட்டினேன். வேகம் குறைந்தது, இழுவை வந்துவிட்டது. பிரேக்கை மட்டும் என்னை நம்பாமல் அவரே திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார்.

நேற்று அப்பாவே ஓட்டினார். மேட்டில் பின்னாலேயே ஓடினேன், எங்கே உருண்டு வந்துவிடுமோ என்று. வண்டி என்னை விட்டுவிட்டு உச்சிக்கே போய்விட்டது. அங்கே நிறுத்தி, திரும்பிப் பார்த்து, "சீக்கிரம் ஏறும்மா, வண்டி கிளம்பப் போகுது!" என்று பஸ் ஓட்டின காலத்து மாதிரியே கத்தினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. டிப்போ வரைக்கும் போய், அவர் கூட்டாளிகளோடு டீ குடித்துவிட்டு வந்தோம். மழை படாமல் வண்டிக்கு மேலே கூரை ஒன்று போட வேண்டும், அதற்குள் இன்றைக்கும் கிளம்பிவிட்டார்.

நீ நோய்நொடியில்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாயிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். வீட்டுக்குப் போன் அடித்து அப்பா எடுக்கவில்லையென்றால் பதறாதே. வெளியே போயிருப்பார்.

உன் அம்மா