சிவப்பு நூல் சுருட்டு

சேசு மரி சூசை

திண்டிவனம்
24-1-38

பிரியமுள்ள அரங்கநாதனுக்கு சவுரிராயன் எழுதுவது.

இங்கே நானும் குப்பம்மாளும் இருமலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அஞ்சம்மாளும் உன் அப்பாவும் எப்படி? பொங்கலுக்கு ஒரு கார்டுகூட இல்லை. ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தா ஆகிவிட்டால் மிஷன் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மறந்துபோவானா? விழுப்புரம் வரட்டுமா என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். மூன்று முறையும் உனக்கு டூட்டி. இருக்கட்டும்.

பாசஞ்சர் வண்டியில் வேலை பார்க்கிற எங்கள் தெரு ராயப்பனிடம் பொட்டலம் கொடுத்திருக்கிறேன். உள்ளே பத்து சுருட்டு. ஐந்துக்குச் சிவப்பு நூல், ஐந்துக்கு வெள்ளை நூல். இரண்டுக்கும் இலை வேறு வேறு, எது தேவலை என்று நீதான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதித் தப்பித்துக்கொள்ளாதே. விஷயம் பெரிது.

புதுச்சேரியில் கடை வைத்திருக்கும் வேங்கடேசன் என்பவர் கிளியனூர் சந்தையில் என் சுருட்டு ஒன்றைப் பிடித்துவிட்டு வீடு தேடி வந்தார். "தொரைங்க பிடிக்கிறது மணக்குது, நம்ம ஆளு வாங்க முடியல. நம்ம ஆளு வாங்குறது வெல சகாயம், வாய்ல வெக்க முடியல. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு சுத்திக் குடுய்யா, வருஷம் பூரா நானே எடுத்துக்கிறேன்" என்றார். அரங்கா, நான் இத்தனை வருஷமாகச் சுற்ற நினைத்த சுருட்டே அதுதான். மூட்டை தூக்குகிறவன் சம்பள நாளில் ஒன்று வாங்கிப் பற்றவைத்து, ஒரு மணி நேரம் எவனுக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எனக்கு நாக்கு செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த விஷ ஜுரத்துக்குப் பிறகு புகையும் ஒன்றுதான், வெந்நீரும் ஒன்றுதான். சுற்றுவது என் கை, ருசி பார்ப்பது உன் நாக்கு. நீ சொன்னாய் என்று கருப்பட்டித் தண்ணீரைக் குறைத்தேன், நீ சொன்னாய் என்று இலையை இன்னும் பதினைந்து நாள் அமுக்கி வைத்தேன். இப்போதும் நீ சொல்வதைத்தான் சுற்றப் போகிறேன்.

சாப்பிட்ட உடனே பிடிக்காதே. வாயைக் கொப்பளித்துவிட்டுக் கொஞ்சம் பொறு. நுனியைக் கடிக்காதே, கத்தியால் சீவு. தீக்குச்சியின் மருந்து வாடை போனபிறகு பற்றவை. நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும், புகையை நெஞ்சுக்கு இறக்காமல் வாயிலேயே வைத்திருந்து விடு. ஆரம்பம், நடு, முடிவு மூன்றும் மூன்று மாதிரி இருக்கும். மூன்றையும் எழுது. சாம்பல் நிற்கிறதா உதிர்கிறதா என்றும் பார்.

உன்
சவுரிராயன்

உ

விழுப்புரம்
31-1-38

அருமைச் சவுரிக்கு,

உன் கோபம் நியாயம்தான், பொங்கலுக்கு எழுதாதது என் தப்பு. கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்துமாகப் பார்சல் ஆபீஸில் நிற்க இடமில்லை. அப்பாவுக்கு மூட்டு வலி. அஞ்சம்மாள் சௌக்கியம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. குவார்ட்டர்ஸ் பின்னால் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்தேன். முதலில் வெள்ளை. பாவம், சப்பென்று இருந்தது, கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி ரசம் போல. பிறகு சிவப்பு. அடடா! என்னடா செய்தாய் அதில்? ஆரம்பத்தில் அப்போதுதான் வறுத்து ஓடு உடைத்த மல்லாட்டை வாசனை. நடுவுக்கு வந்தால் ஏலக்காய் தட்டிப் போட்டதுபோல ஒரு குளிர்ச்சி. முடிவில் முதல் மழை விழுந்த மண். சாம்பல் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெள்ளையாக அப்படியே நின்றது. மெயில் வண்டி போன அதிர்ச்சிக்குக்கூட விழவில்லை.

யோசிக்காதே. சிவப்பையே சுற்று. புதுச்சேரிக்காரர் உன் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

உன்
அரங்கநாதன்

சேசு மரி சூசை

திண்டிவனம்
8-2-38

பிரியமுள்ள அரங்கநாதனுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். மெயில் வண்டிக்கும் விழாத சாம்பல் என்ற இடத்தில் ராயப்பனையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். எனக்குப் புகை தெரியாது, ஆனால் நீ எழுதினதைப் படித்தால் வாயில் எச்சில் ஊறுகிறது.

சிவப்புக்கான இலையை வருஷத்துக்குமாக எடுத்துவிட்டேன். குப்பம்மாளின் காதில் இப்போது கம்மல் இல்லை, அது இலையாகி வீட்டு மூலையில் கிடக்கிறது. அவள் கம்மலுக்காகச் சண்டை போடவில்லை. வேறொன்றுக்குப் போட்டாள். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் சுருட்டுப் பிடிப்பது உனக்குத் தெரியும், இவளும் வேலை முடிந்தால் ஒன்று பற்றவைப்பாள். இரண்டையும் பிடித்துப் பார்த்துவிட்டு வெள்ளைதான் என்று ஒரே பிடிவாதம்.

"செவப்பு மொத இழுப்புலயே தொண்டையப் புடிக்குது. உங்க சிநேகிதரு இம்மாம் எழுதிக்கிறாரே, இருமினேன்னு ஒரு வார்த்த இல்லியே?" என்றாள்.

"பத்து வகுப்பு படிச்சவன் நாக்கு, அவன் சொல்றத விட்டுட்டு உன்னக் கேக்கணுமா? போய்க் கஞ்சியக் காச்சு" என்று கத்திவிட்டேன். அன்றைக்கெல்லாம் என்னோடு பேசவில்லை. ஒட்டுகிற பசைக்கு அவள்தான் கஞ்சி காய்ச்சித் தர வேண்டும், அதனால் நான்தான் இறங்கிப் போனேன்.

அடுத்த மாதம் மேல் இலையை மட்டும் மாற்றி ஐந்து சுற்றி அனுப்புகிறேன். கார்டு போடுகிறேன். அதையும் இதேபோல் விஸ்தாரமாக எழுது.

உன்
சவுரிராயன்

உ

விழுப்புரம்
14-3-38

அருமைச் சவுரிக்கு,

உன் கார்டு கிடைத்தது. பொட்டலமும் வந்து சேர்ந்தது. நேற்றே பிரித்துவிட்டேன்.

மேல் இலை மாற்றியது சரியான வேலை. தொட்டாலே பட்டு. பற்றவைத்ததும் சாம்பிராணி மாதிரி லேசாக ஒரு மணம், பிறகு பழைய மல்லாட்டை வாசனை தலை காட்டுகிறது. கடைசிவரை கசப்பே இல்லை. விரல் சுடும்வரை பிடித்தேன், அஞ்சம்மாள் சிரித்தாள். சிவப்பைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். குப்பம்மாளுக்கு என் சார்பில் சமாதானம் சொல்லு, இனி சண்டை வேண்டாம்.

டூட்டிக்கு நேரமாகிறது.

உன்
அரங்கநாதன்

திண்டிவனம்
17-3-38

அரங்கநாதனுக்கு,

நீ பட்டு என்று எழுதின சுருட்டு ஐந்தும் என் எதிரில் இருக்கிறது. பொட்டலம் பிரிக்கவில்லை. நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது.

ராயப்பன் அன்றைக்கு வண்டி ஏறவே இல்லை. காய்ச்சல் வந்து படுத்துவிட்டான், பொட்டலம் அவன் பெட்டியில் கிடந்தது. இன்று காலையில் எழுந்து வந்து, "மன்னிச்சிக்கோண்ணா, குடுக்க முடியாமப் போச்சி" என்று திருப்பிக் கொடுத்தான். கொடுத்த அரை மணியில் தபால்காரர் உன் கடிதத்தைக் கொண்டுவந்தார்.

முதலில் வேறு யாரோ அனுப்பியதைப் பிடித்துவிட்டு எழுதினாயோ என்று நினைத்தேன். உனக்காக நானே சாக்குத் தேடினேன் அரங்கநாதா, வெட்கமாக இருக்கிறது. விரல் சுடும்வரை பிடித்தாயாம், உன் பெண்டாட்டி சிரித்தாளாம். எந்தச் சுருட்டு உன் விரலைச் சுட்டது?

நேற்று வேங்கடேசன் வந்துபோனார். புதுச்சேரிக்கு முதலில் அனுப்பிய சிவப்பு அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. "ஒரு இழுப்புக்கு ஒம்பது இருமல்னு சொல்றாங்கய்யா. பேஜாராப் போச்சி. உங்க ஈஸ்டர் பாஸ்கா திருநாள் வரைக்கும் பாக்குறேன், வேற சுத்தி அனுப்பு. அதுவும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். உன்மேல் நம்பிக்கை வைத்து அவரிடமே வாதாடினேன். என் சிநேகிதன் நாக்கு பொய் சொல்லாது என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

இரண்டு வருஷத்தில் எத்தனை சுருட்டு நீ பிடித்தாய்? எதையும் அழகாக எழுதாதே. எண்ணிக்கை மட்டும் சொல்லு.

சவுரிராயன்

விழுப்புரம்
22-3-38

சவுரி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்று காகிதம் கிழித்துவிட்டேன்.

உனக்கு ஜுரம் வந்து நீ முதலில் கேட்டபோது மூன்று மாதம் நான்தான் பிடித்தேன், நான்தான் எழுதினேன். அது சத்தியம். பிறகு அப்பா ஊரிலிருந்து எங்களோடு இருக்க வந்தார். வந்த அன்றைக்கே நான் வேப்பமரத்தடியில் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"யாரு சுத்துனது?" என்றார். சொன்னேன்.

"அந்தத் தெருக்காரன் எச்சி தொட்டு ஒட்டுனத வாய்ல வெச்சிக்கினு என் எதிர்ல நிக்கிறியா?"

எச்சில் இல்லை, கஞ்சிப் பசை என்றேன். "கஞ்சி யாரு காச்சினா?" என்றார். இருபத்தெட்டு வயசுக்காரனைக் கிணற்றடியில் நிறுத்தி வாயைக் கழுவ வைத்தார். அஞ்சம்மாள் தண்ணீர் ஊற்றினாள்.

அதிலிருந்து ராயப்பன் கொண்டுவருகிற பொட்டலத்தைக் கேட்கீப்பர் பெரியதம்பி என் பேரைச் சொல்லி நேராக வாங்கிக்கொள்வான். அவன்தான் பிடிப்பான். அவனைக் கேட்டால் "நல்லா இருக்குதுங்க" என்பான், அவ்வளவுதான். மல்லாட்டையும் ஏலக்காயும் நானாகப் போட்டது. சிவப்பா வெள்ளையா என்று கேட்டபோது, நூலையெல்லாம் அவிழ்த்துப் போட்டுப் பத்தையும் தீர்த்துவிட்டேன், எது எது என்று தெரியவில்லை என்றான். நீ பதிலுக்குக் காத்திருப்பாய் என்று சிவப்பு என எழுதிவிட்டேன். இந்த முறையும் கார்டு வந்ததே, பொட்டலம் அவனிடம் போயிருக்கும் என்று நினைத்தேன்.

அனுப்பாதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பாய். அந்தக் காரணத்தை உனக்கு எப்படி எழுதுவேன்? உன் மனம் நோகக் கூடாது என்றுதான் எழுதிக்கொண்டே இருந்தேன். என்னை நம்பு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வா. வீட்டுக்கு வேண்டாம், அப்பா இருப்பார். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் அன்றைக்கு ஆள் நடமாட்டம் இருக்காது. உன் கண் எதிரிலேயே பற்றவைத்து, முழுசாகப் பிடித்து, உள்ளபடி சொல்கிறேன். கோபத்தில் முறித்துக்கொள்ளாதே.

அரங்கநாதன்

சேசு மரி சூசை

திண்டிவனம்
19-4-38

அரங்கநாதனுக்கு,

உன் கடிதத்தைக் குப்பம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். கஞ்சி பற்றிய இடத்தைத் தாண்டிவிடலாமா என்று பார்த்தேன். இரண்டு வருஷம் நீ என்னிடம் மறைத்தது போதும், நான் அவளிடம் மறைக்க வேண்டாம் என்று அதையும் படித்தேன். பிறகு, "நான் காச்சற கஞ்சியில இன்னாங்க கொற?" என்று கேட்டாள். அவளைத் திட்டினதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடுங்க, வெள்ளைய எடுங்க ஜல்தி" என்றாள்.

இருபது நாள் நான் சுற்றச் சுற்ற அவள் பிடித்துச் சொன்னாள். ஏலக்காய், மழை எதுவும் அவள் சொல்லவில்லை. "மொதல்ல ஒண்ணும் தெரியல. பாதிக்கு வரும்போது நாக்குல தித்திப்பா ஒட்டுது. கடேசில காரம் ஏறுது, அப்போ போட்டுடணும்" என்றாள். காரத்தைக் குறைக்க உள் இலையில் காம்பை இன்னும் எடுத்தேன். எட்டாவது தடவை முழுசாகப் பிடித்து முடிக்கும்வரை பேசவே இல்லை. முடித்துவிட்டு, "இன்னொண்ணு குடுங்க" என்றாள். அதைத்தான் புதுச்சேரிக்கு அனுப்பினேன். பாஸ்காவுக்கு முந்தின நாள் வேங்கடேசன் ஆள் வந்து இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார். சிவப்பு இலை அப்படியே கிடக்கிறது, கம்மல் வர நாளாகும்.

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. மேலே பெரியதம்பி என்று எழுதியிருக்கிறேன். பிரிக்காமல் அவனிடம் கொடுத்துவிடு. இரண்டு வருஷமாக என் சுருட்டைப் பிடித்தவன் அவன், நன்றி சொல்ல இப்போதுதான் பெயர் தெரிந்தது. உனக்கு இனிமேல் எதுவும் வராது. நீயும் எழுத வேண்டாம்.

உன் அப்பா சொன்னதில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிறேன். உன்னிடமிருந்து ஒவ்வொரு மாதமும் வந்த அந்தக் கடிதங்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஜுரம் என் நாக்கை எடுத்துக்கொண்டபோதுகூட நான் இப்படி அழவில்லை.

கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் வரச் சொன்னாய். நான் வரவில்லை. அப்பா எதிரில் பற்றவைக்கிறேன், வா என்று எழுதியிருந்தால் விழுப்புரத்துக்கு நடந்தே வந்திருப்பேன்.

சவுரிராயன்