மூன்று காலிக் கட்டங்கள்

ஆகஸ்ட் 5

தத்துவ வகுப்பு. கடவுள் இருக்கிறார் என்பதற்கு நான்கு வாதங்கள். பேராசிரியர் ஒவ்வொன்றாக எழுப்பினார்; மணி அடிப்பதற்குள் நான்கையும் சாய்த்துவிட்டு, சட்டையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அது பத்து மதிப்பெண் கேள்வி. பக்கத்தில் குருவி ஒரு வரிகூட எழுதவில்லை. வகுப்பிலேயே சின்ன உருவம், அதனால் குருவி. அவன் அப்பா ஊழியக்காரர். பிரசங்கம் கேட்டே வளர்ந்தவன்.

"அவ்வளவுதானாடா?" என்றான் வெளியே வந்ததும்.

"அடுத்த வாரம் பதில் வாதம் இருக்குடா" என்றேன். பாடத்திட்டத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 7

குருவி காலை ஆராதனைக்கு வரவில்லை. "பொய்யா மண்டி போட முடியலடா. என் கட்டத்துலயும் நீயே போட்டுடு."

சேப்பல் வாசலில் ஏடு இருக்கும். பெயருக்கு எதிரே நாளுக்கொரு கட்டம். தொடர்ந்து மூன்று கட்டம் காலியானால் பாதிரியார் நம் விடுதி அறைக்கே வந்து கதவைத் தட்டுவார். எங்கள் துறையில் வகுப்புக்கே வருகை எடுப்பதில்லை. இதற்கு மட்டும் ஆள் பிடிக்க வருகிறார்கள் என்று எல்லோருக்கும் எரிச்சல்.

போட்டேன். ஒரு சுழி, ஒரு கோடு. மண்டியிடுவது பொய் என்றால், இது?

ஆகஸ்ட் 9

மெஸ்ஸில் ஒரே சிரிப்பு. எதிர் அறைக்காரன் — வாய் ஓயாததால் வக்கீல் — சொன்னான்: "ஃபாதருக்கு ரெண்டு முட்டியும் போச்சு. மூணாவது மாடிக்கு அவர் ஏறி வர்றதுக்குள்ள நாம பட்டமே வாங்கிடுவோம். நீ போடற கையெழுத்துதான்டா அவர் முட்டிக்குத் தைலம்!"

குருவியும் சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஆகஸ்ட் 13

அறவியல் தாளுக்குக் கட்டுரை. 'பிறர்பால் நமக்குள்ள பொறுப்பு.' மூன்று நாளாக நூலகம்தான்.

வராந்தாவின் அந்தக் கோடியில் குருவியின் அறை. இந்தக் கோடியில் என்னுடையது. சாயங்காலம் போய்த் தட்டினேன்.

"உள்ள வராதடா. சளி, ஒட்டிக்கும்."

"சாப்டியா?"

"ம்."

"வீட்டுக்குப் பேசினியா?"

"அப்பா ஃபோன்லயே ஜெபம் பண்ணச் சொல்றார். வாய் வரல... நாளைக்குப் பேசலாம்டா. எனக்குப் போட்டியா?"

"போட்டேன்."

"தெய்வம்டா நீ."

கட்டுரை இன்னும் நான்கு பக்கம் பாக்கி. திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 16

கட்டுரை முடிந்தது. பன்னிரண்டு பக்கம். கை வலி. ஏட்டில் இரண்டு கையெழுத்து.

ஆகஸ்ட் 18

மாடியைப் பெருக்கும் அக்கா என்னை வழிமறித்தார். "தம்பி, அந்தக் கடைசி ரூம் வாசல் குப்பைக்கூடை அஞ்சு நாளா காலியா இருக்கு. திங்கிற மனுஷன் ஒரு காகிதமாவது போட மாட்டானா?"

தட்டினோம். வக்கீல் தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தான்.

அதை எழுத வரவில்லை. உடம்பு கொதித்தது. உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை.

டாக்டர்: "நுரையீரல் பூராச் சளி. ஒரு வாரம் முன்னாடி யாருமே பாக்கலையா?"

அங்கே நின்ற பாதிரியார் தலையைப் பிடித்துக்கொண்டார். "தினமும் சேப்பலுக்கு வந்திருக்கானே. இன்னிக்குக் காலையில கூட..."

பன்னிரண்டு கையெழுத்து. பன்னிரண்டும் என்னுடையவை.

ஆகஸ்ட் 20

காலை ஆறு பத்துக்கு.

ஆகஸ்ட் 21

அவன் அப்பா வந்தார். அவனைப் போலவே சின்ன உருவம். பெட்டியில் துணிகளை நானும் அவரும் மடித்து வைத்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா ஃபோன்ல ஒரு மாதிரி பேசினான் தம்பி. விசுவாசம் போயிடுச்சோன்னு பயந்துட்டேன். ஏட்டைக் காட்டினாங்க. அவ்வளவு காய்ச்சலோட தினமும் ஆராதனைக்குப் போயிருக்கான் புள்ள. எனக்கு அது போதும்."

என்ன சொல்ல? ஐயா, அது என் கை — இதே கை, நீங்கள் பிடித்திருக்கிற கை. சொல்லி என்ன மிச்சம் வைப்பேன் அவருக்கு? சொல்லாமல் எனக்கு என்ன மிச்சம்?

"ஆமாம்ப்பா" என்றேன். அவரை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 26

கட்டுரை திரும்பி வந்தது. வகுப்பிலேயே அதிக மதிப்பெண். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில்: 'வாதம் சுத்தம். உதாரணம் ஒன்றுகூட இல்லையே?'

ஆகஸ்ட் 27

ஆராதனைக்குப் போகவில்லை. "உனக்கும் போடவாடா?" என்று வக்கீல் கேட்டான். பழக்க தோஷம். கேட்டதும் அவன் முகம் செத்துவிட்டது.

"தொடாத" என்றேன்.

ஆகஸ்ட் 28

போகவில்லை.

ஆகஸ்ட் 29

போகவில்லை. மூன்றாவது கட்டம்.

நாள் முழுக்கக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டினேன், தெரியாது. வராமல் போனால் குருவிக்கும் வந்திருக்க மாட்டார். எவன் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

நாலரை மணிக்குக் கீழே படியில் சத்தம். ஒரு கால் ஏறுகிறது. இன்னொன்று இழுத்துக்கொண்டு வருகிறது. முதல் மாடியில் நின்றது. மூச்சு வாங்குவது இங்கே கேட்டது. மறுபடி ஏறியது. இரண்டாவது மாடியில் வெகுநேரம் நின்றது. திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது.

இப்போது வராந்தாவில் இருக்கிறார். என் கதவுக்கு வெளியே. தட்டுகிறார்.

"தம்பி... நான்தான்ப்பா. மூணு நாளா உன்னைக் காணோமே?"

குருவிக்கும் வந்திருப்பார்.